மதகுக்காரியின் நாக்கு

ஜனவரி 30
பதினோரு மாதம் கழித்து ஆறு வந்துவிட்டது, செங்காவியாக. அட்டகாமா பாலைவனத்தில் முதல் வெள்ளம் மலை உப்பையெல்லாம் கழுவிக்கொண்டு வரும். அதைக் கடலுக்கு விட்டுவிடுவோம். வயலுக்கு மதகைத் திறக்கும் நாளை நான்தான் சொல்ல வேண்டும், உப்புக் கசப்பு போய்விட்டதா என்று தண்ணீரைச் சுவைத்துப் பார்த்து.

ஜனவரி 31
கசப்பு. துப்பினேன். தம்பி தெமெத்ரியோ மதகடியிலேயே குந்தியிருக்கிறான். "அக்கா, சோளம் சுருண்டு கெடக்கு. நீ என்னமோ ஒயினு ருசி பாக்குற மாதிரி நிக்கிறியே!" எல்லோரும் சிரித்தார்கள்.

பிப்ரவரி 1
இன்னும் கசப்பு.

பிப்ரவரி 2
விடிந்ததிலிருந்து கோக்கா இலை மென்றபடி கரையில் நடந்தேன். பத்து மணிக்கு ஒரு கை அள்ளிக் குடித்தேன். கசக்கவில்லை. "திறங்க!" என்றேன். பதினான்கு வயலுக்கும் பாய்ந்தது. தெமெத்ரியோ மனைவி கிளோரிந்தா என்னைக் கட்டிக்கொண்டாள்.

பிப்ரவரி 5
வயலெல்லாம் வெள்ளை உப்புப் படிவு. இலை நுனி கருகியிருக்கிறது.
கோக்கா மென்றால் நாக்கு மரத்துப்போகும். சுவைக்கிற அன்று தொடக் கூடாது. எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷமா மதகு பாக்குறேனே — அன்னிக்குக் கன்னத்துல இலைய அடக்கிக்கிட்டே குடிச்சிருக்கேனே!

பிப்ரவரி 6
மலைமேல் இருக்கும் சுரங்கக்காரர்கள் ஆற்றில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று தெமெத்ரியோ மனு எழுதுகிறான். விசாரணை முடியும்வரை மதகு மூடியிருக்குமாம்.
வாயைக் கழுவிவிட்டுப் போய்ச் சுவைத்தேன். ஆறு இனிக்கிறது. அவ்வளவும் கடலுக்குப் போகிறது. பாய்ச்சினால் உப்பு கரைந்துவிடும்.
உண்மையைச் சொன்னால் என் வயலுக்குத் தண்ணீர் விடும் முறையைப் பறிக்கலாம். சொல்லாவிட்டால்?

பிப்ரவரி 7
கூட்டத்தில் சொன்னேன். தெமெத்ரியோ மனுவை மடித்துப் பையில் வைத்தான்.
கடைசியில் கிளோரிந்தா எழுந்தாள். "கட்டிப் புடிச்சப்பவே இலை வாசம் அடிச்சுது மதினி. தண்ணி வந்தாப் போதும்னு நானும் வாய மூடிக்கிட்டேன்."
அரை மணி நேரத்தில் மதகு திறந்தது. மதகுச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். இந்த வெள்ளத்தில் என் முறையை மற்ற வயல்களுக்குக் கொடுத்தேன்.

பிப்ரவரி 16
ஆறு நின்றுவிட்டது. ஒன்பது வயல் பச்சை, நாலு பாதி கருகல். என்னுடையது வெள்ளை.
அடுத்த வெள்ளத்துக்கான முறைப் பட்டியலை மதகில் ஒட்டியிருக்கிறார்கள். என் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். சாவி இப்போது கிளோரிந்தாவின் இடுப்பில்.
"என்ன மதினி, அவ்வளவு நேரமா உத்துப் பாக்குற? பதினாலாவது நீதான். வேற யாரு?"