ஜீப்புக்குள் ஒரு சிலேட்டு

ராசிங்காபுரம்,
ஆவணி மாதம், வியாழக்கிழமை.

என் ஹாரன் மாமாவுக்கு,

முனீஸ்வரி எழுதுகிறேன். நான் சுகம். சித்திரையில் செத்துப் போன மனுசனிடம் நீங்கள் சுகமா என்று கேட்டு எழுதினால் ஊர் சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும், கேட்டுவிட்டேன். மூணாம் வகுப்போடு நின்ற கை இது. ஒரு பக்கம் எழுதுவதற்குள் விரல் கடுக்கிறது. ஆனாலும் இன்றைக்கு உங்களிடம் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். எனக்கு ஒரு வரி தோன்றிவிட்டது மாமா! எனக்கு! நேற்று, மலையில், நம் ஜீப்புக்குள் வைத்து!

இருங்கள், முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் பொண்ணு நிலா மதுரையில் ஒழுங்காகப் படிக்கிறாள். சனிக்கிழமை ரயிலேறி வந்துவிடுகிறாள். உங்கள் தம்பி வெள்ளைத்துரைதான் இப்போது ஜீப்பை ஓட்டுகிறார். கிளச்சு மாற்றியாகிவிட்டது. ரொம்ப நிதானம். 'தம்பி, நாங்க எறங்கி நடக்கவா, நீ பின்னால வர்றியா?' என்று அன்னக்கொடி தினமும் கேட்கிறாள். மலையில் மழை நல்ல மழை. ஏலக்காய் திரண்டிருக்கிறது. அதே ஆட்கள், அதே தோட்டம், விடியக் கருக்கலில் ஏறிப் போய்க் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்குகிறோம்.

சிலேட்டும் அப்படியேதான் இருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பின்னே உட்கார்ந்த பொம்பளைகள் கண்ணில் படுகிற மாதிரிக் கம்பி போட்டுக் கட்டினீர்களே, அது. எத்தனை வரி எழுதினீர்கள் அதில்! 'மேடு வந்தா கியரை மாத்து, மூஞ்சியை மாத்தாத' என்று எழுதிய அன்றைக்குக் கொண்டை ஊசி வளைவெல்லாம் சிரித்துக்கொண்டே ஏறினோம். பொட்டிபுரத்து மலைக்குள் நியூட்ரினோ ஆராய்ச்சிக்கூடம் வரப்போகிறது என்று ஒரே பேச்சாக இருந்தபோது, யாரோ டீக்கடையில் சொன்னதைக் கேட்டு வந்து, 'மலையையே துளைச்சிக்கிட்டுப் போற துணுக்கு இருக்காம். கவலை மட்டும் ஏன் நமக்குள்ளயே நிக்கணும்?' என்று எழுதினீர்கள். ரேணுகா வீங்கின கன்னத்தோடு ஏறினாளே, அதற்கு மறுநாள், 'தாளம் போடுற கை அடிக்கப் போகாது. உங்க வீட்ல பாட்டுப் போடுங்க' என்று இருந்தது. அதை அவள் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய்ப் புருசனிடமே சொன்னாள்.

கடைசியாக எழுதினதுதான் வேடிக்கை. 'இன்னைக்கு ஒண்ணும் தோணலை. பத்திரமாப் போயிட்டு வாங்க.' அன்றைக்கு எல்லாரும் உங்களைக் கேலி பண்ணினோம். சரக்குத் தீர்ந்துபோச்சா அண்ணே என்று அன்னக்கொடி கேட்டாள். நீங்கள் நெஞ்சைத் தடவிக்கொண்டே சிரித்தீர்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து படுத்தவர்தான்.

அதற்குப் பிறகு அந்தச் சிலேட்டை நான் யாரையும் தொடவிடவில்லை. தோள் உரசினால்கூட அழிந்துவிடும் என்று பாலிதீன் தாள் போட்டு மூடி நாலு பக்கமும் ஒட்டிவிட்டேன். ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாரும் அதையே பார்த்தார்கள். ஜீப்புக்குள் பேச்சு குறைந்துபோனது. பாட்டு சுத்தமாக நின்றுபோனது. ஒருத்தி போனைப் பார்ப்பாள், ஒருத்தி தூங்குவாள். எனக்கும் அது தெரிந்தது. தெரிந்தும் தாளை எடுக்க மனசு வரவில்லை. உங்கள் கையெழுத்து என்று என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

இப்போது நேற்று நடந்ததைக் கேளுங்கள். காலையில் ஏறும்போது மேலே ரோட்டில் மரம் விழுந்து வண்டியெல்லாம் நின்றுவிட்டது. வெள்ளைத்துரை இஞ்சினை அணைத்தார். சுற்றிலும் பனி. பக்கத்தில் இருக்கிறவள் மூஞ்சிகூடக் கலங்கலாகத் தெரிந்தது. அப்போது கீழே ஓடைப்பக்கம் அந்தச் சீட்டியடிக்கிற குருவி ஆரம்பித்தது. கறுப்பா நீலமா என்று சொல்லமுடியாமல் இருக்குமே, அதுதான். மனுசன் சீட்டி அடிக்கிற மாதிரியே கொஞ்சதூரம் இழுத்துக்கொண்டு போனது. பிறகு மறந்துபோன மாதிரி நின்றது. மறுபடி முதலிலிருந்து பிடித்தது. அதே இடத்தில் நின்றது. திரும்பவும்! கொஞ்சம்கூட வெட்கமில்லை அதற்கு. மலையே தன் பாட்டுக்குத்தான் காத்திருக்கிறது என்கிற மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு மாமா. 'குருவிக்குப் பாட்டு பாதிதான் தெரியும். அதுக்காக வாய மூடிக்கிச்சா?' என்று வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போல. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்னக்கொடிதான், 'ஏ முனீசு, இது சிலேட்டுல எழுதுறதுக்குன்னே வந்ததுடி' என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் மறந்துவிட்டால்? எழுதிவைக்க ஒருத்தி கையிலும் பேனா இல்லை. அதனால் வரியைப் பங்கு போட்டோம். 'குருவிக்குப் பாட்டு' அன்னக்கொடிக்கு. 'பாதிதான் தெரியும்' ரேணுகாவுக்கு. மிச்சம் எனக்கு. செடித் தூரடியில் குனிந்தபடி ஆளுக்கு ஒரு பக்கம் முணுமுணுத்துக்கொண்டே காய் எடுத்தோம். நடுநடுவே பனிக்குள்ளிருந்து அன்னக்கொடி 'குருவிக்குப் பாட்டூ...' என்று கூவுவாள், மேட்டுப் பக்கமிருந்து ரேணுகா தன் பங்கைக் கூவுவாள். கங்காணி ஈஸ்வரன் அண்ணன் ஓடிவந்து, 'என்னத்தா, காட்டுமாடு வந்துருச்சா?' என்று கேட்டார்.

பொழுது சாய்ந்து ஜீப்பில் ஏறி ஒட்டவைத்துப் பார்த்தால், ரேணுகா 'பாதி தெரியாது' என்கிறாள்! மலை இறங்குகிற மட்டும் சண்டை. 'ரெண்டும் ஒண்ணுதானடி, எதுக்கு இப்பிடிக் குதிக்கிற' என்றாள் அவள். ஒண்ணு இல்லை என்று நான் விடவில்லை. குருவி தனக்குத் தெரிந்ததைத்தானே பாடுகிறது, தெரியாததையா பாடுகிறது? கடைசியில் வெள்ளைத்துரையே வண்டியை ஓரங்கட்டி, 'மதினி சொல்றதுதான் சரி, எல்லாரும் வாய மூடுங்க, எனக்கு ரோடு தெரியல' என்றார். இதை நிலாவிடம் போனில் சொன்னால், ஏம்மா, போனில் பேசிப் பதிந்து வைத்திருக்கலாமே என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எங்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை.

இனிமேல் சொல்லப்போவதைக் கோபப்படாமல் கேளுங்கள். இன்றைக்குக் காலையில் ஜீப்பு வாசலுக்கு வந்ததும் நான் சாக்பீஸோடு ஏறினேன். ஏறினவள் தாள்மேல் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் தம்பி பார்த்தார். 'மதினி, இத வீட்ல மாட்டிருவோம். நான் வேற சிலேட்டு வாங்கியாறேன்' என்றார். நல்ல மனசில்தான் சொன்னார். எனக்கும் ஒரு நிமிசம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் மாட்டினால் அதற்கும் மாலை போட்டுவிடுவேன் மாமா. ஏற்கெனவே ஒரு படத்துக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களோ நேற்றைய வரியை ஒருநாளும் திரும்பிக்கூடப் பார்க்காமல், சட்டைக் கையால் ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்தவர்.

தாளைப் பிரித்தேன். 'இன்னைக்கு ஒண்ணும் தோணலை' என்பதைத் துடைத்தேன். 'பத்திரமாப் போயிட்டு வாங்க' என்பதை மட்டும் அடியில் அப்படியே விட்டுவைக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் எழுத்து உங்கள் எழுத்து மாதிரிப் பொடியாகவா இருக்கிறது? பூசணிக்காய் பூசணிக்காயாக இருக்கிறது. பாதி வரிக்குள்ளேயே இடம் தீர்ந்துபோச்சு. பின்னால் அன்னக்கொடி, 'வெரசாடி, நேரமாச்சு' என்கிறாள். அதையும் துடைத்துவிட்டேன். கையெல்லாம் உங்கள் சாக்பீஸ் வெள்ளை. முந்தானையில் துடைத்துக்கொண்டு மிச்சத்தை எழுதி முடித்தேன்.

அடிவாரத்து முந்தல் தாண்டுகிற வரைக்கும் வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு மெல்லச் சொன்னார்கள். முன்சீட்டுக்காரி எட்டிப் பார்த்து, எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போகுதே, பஸ்சு பிடிக்கவா என்றாள். சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரேணுகா ஒரு பாட்டை எடுத்தாள். அவளுக்கும் பாதிதான் தெரியும். தெரிந்த மட்டும் பாடினாள். அன்னக்கொடி தூக்குவாளி மூடியில் தாளம் போட்டாள். சித்திரைக்குப் பிறகு இன்றைக்குத்தான் நம் ஜீப்பு பாடிக்கொண்டு மலை ஏறியது. நானும் பாடினேன். பாட்டுக்கு நீங்கள் ஹாரனில் தாளம் போடுவீர்களே, அதே மாதிரி உங்கள் இடத்தில் உங்கள் தம்பி ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினார்.

சாயங்காலம் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் அன்னக்கொடி குண்டைப் போட்டாள். 'நாளைக்கு என்னடி?' என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் ஒன்று வேண்டும் என்பதையே நான் நினைக்கவில்லை. வந்ததிலிருந்து உலை கொதிக்கிறதைப் பார்க்கிறேன், குழாயில் தண்ணீர் சொட்டுகிறதைப் பார்க்கிறேன், பக்கத்து வீட்டு ரேடியோவுக்குக் காது கொடுக்கிறேன். எல்லாம் எதையோ சொல்லவருகிற மாதிரியே இருக்கிறது மாமா, பிடிபடவில்லை. ஆனால் இப்படித் தேடுகிறதே ஒரு சந்தோசமாக இருக்கிறது.

நீங்கள் இருக்கிற இடத்தில் பனி இல்லாமல், மேடு இல்லாமல் நல்ல ரோடாக இருக்கட்டும். பிள்ளையையும் ஜீப்பையும் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் பத்திரமாக இருங்கள்.

உங்கள்
முனீஸ்வரி

விடிந்தால் ஜீப்பு வந்து வாசலில் நிற்கும். நாளைக்கு என்ன எழுத, மாமா?