கமலா அக்காவின் பிளாஸ்க்

ஐப்பசி 2, புதன்

விடியும்போதே தூறல். விறகு ஈரம், வீடெல்லாம் புகை. எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டில் மீதமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு ஒன்றரை வருஷம். கையெழுத்து கெட்டுப்போயிருக்கிறது.

அம்மாவை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றோடு ஆறு நாள். வயிற்றில் கட்டி. உடம்பில் தெம்பு வந்தால்தான் ஆபரேஷன் என்கிறார் டாக்டர். அதுவரை கஞ்சி. அதுவும் சூடாக. ஆறினது உள்ளே போனால் அப்படியே வாந்தி. திண்டிவனத்தில் வடித்த கஞ்சி, பஸ் போய்ச் சேருவதற்குள் தூக்கில் ஆறிவிடுகிறது. நேற்று குடித்ததெல்லாம் வெளியே.

அப்பா எதிர்வீட்டுக் கமலா அக்காவிடம் பிளாஸ்க் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால். அக்காவுக்கு ஏழாம் மாசம். பிறக்கப்போகும் குழந்தைக்குப் பால் வைக்க அவர் வீட்டுக்காரர் மெட்ராஸில் வாங்கி வந்தது. பெட்டி கூடப் பிரிக்கவில்லை. அக்கா உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். அப்புறம், "வள்ளி, இங்க வா" என்றார்.

மறக்காமலிருக்க:
முதலில் வெந்நீர் ஊற்றி மூடி வைக்கணும். கஞ்சி கொதிக்கும் வரை. பிறகு கொட்டிவிட்டுக் கஞ்சி.
கழுத்துக்கு இரண்டு விரல் கீழே வரை. குறைவாக ஊற்றினால் சீக்கிரம் ஆறும்.
கரண்டி உள்ளே விடக்கூடாது. உள்ளே எல்லாம் கண்ணாடி.
படுக்க வைக்கக்கூடாது.
கார்க்கை வெயிலில் காய வைக்கணும். நாற்றம் பிடிக்கும்.

கடைசியாகச் சொன்னது: "மூடியில ஊத்தி அண்ணாந்து குடிக்கட்டும். வாய் வெக்க வாணாம். கொழந்தைக்கு எடுத்து வெச்சது, எச்சிலாயிடும்." தலையாட்டினேன். "வாயத் தொறந்து சொல்லுடி." சரிங்கக்கா என்றேன்.

ஐப்பசி 3, வியாழன்

எட்டரை பஸ். பிளாஸ்க்கை அப்பாவின் துண்டில் சுற்றி மடியில். வெளியே தொட்டால் சில்லென்று இருந்தது. உள்ளே ஆறிவிட்டதோ என்று வழியெல்லாம் பயம். பக்கத்தில் மல்லாட்டைக் கடலைக் கூடையோடு ஒரு அம்மா: "இன்னா பாப்பா, கைக்கொழந்தையாட்டம் கட்டிக்கினு வர்ற? எறங்கறதுக்குள்ள ஒரு வாட்டி பால் குடு." பஸ்ஸே சிரித்தது. விக்கிரவாண்டி வரும் வரை குனிந்த தலை நிமிரவில்லை.

வி.புரத்தில் திறந்தால் ஆவி! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அம்மாவால் உட்கார முடியவில்லை. தலையைத் தூக்கிப் பிடித்து, உதட்டில் படாமல் ஊற்றிப் பார்த்தேன். பாதி கழுத்தில் வழிந்தது. புரையேறியது. அம்மா மூடியை என் கையிலிருந்து வாங்கி வாய் வைத்துக் குடித்தாள். ஊதி ஊதி, நிதானமாக. மூன்று மூடி. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

வாந்தி இல்லை. பக்கத்துப் படுக்கையில் கால் முறிந்த திருவக்கரை ஊர்க்கார அம்மா: "இன்னிக்குத்தான் உங்கம்மா மூஞ்சில ரத்தம் தெரியுது. ஆமா, நீ ஊமையா?"

அக்காவுக்குச் சொன்ன வார்த்தை போயிற்று. அம்மா குடித்தாள். இரண்டும் ஒரே நாளில்.

ஐப்பசி 4, வெள்ளி

இன்றும் வாய் வைத்துத்தான். இன்றும் வாந்தி இல்லை. டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்து, "பரவால்லயே" என்றாராம்.

வீட்டுக்கு வந்து மூடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மனசு ஒப்பவில்லை. பிறக்காத குழந்தையின் பொருள். ஆஸ்பத்திரிக்கு வேறு போய் வந்திருக்கிறது. நான் வந்தால் கிணற்றடியில் கட்டின துணியோடு தலை முழுகிவிட்டுத்தானே உள்ளே வருகிறேன்? அதற்கும் அப்படியே செய்தேன். தொட்டித் தண்ணீரில் முழுசாக அமுக்கிப் பிடித்தேன். குபுகுபு என்று குமிழி. மூன்று முறை.

தூக்கினால் கனம். ஆட்டினால் தகரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தண்ணீர். அடித்தட்டைத் திருகித் திறந்து வடித்தேன். கண்ணாடியின் அடியில் நெல்மணி போல ஒரு முனை. துடைக்கும்போது டிக் என்றது. துணியில் ஒரு துளிக் கண்ணாடி.

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரிசல் இல்லை. உள்ளே தண்ணீர் ஊற்றினேன், ஒழுகவில்லை. பழையபடி மூடிவிட்டேன். செய்தவர்கள் விட்டுப்போன மிச்சம்தான் அது என்று நினைக்கிறேன்.

ஐப்பசி 6, ஞாயிறு

நல்ல மழை. பஸ்ஸில் ஜன்னல் படுதா கிழிசல், ஒரு பக்கம் முழுக்க நனைந்தேன். ஆனால் மடியில் பிளாஸ்க் கதகதவென்று இருந்தது. துண்டையும் தாண்டிச் சூடு. நேற்றும் அப்படித்தான். முழுகிக் காய்ந்தபின் இன்னும் நன்றாகச் சூடு பிடிக்கிறது போல. வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். குளிருக்கு எவ்வளவு இதம்.

அம்மா இரண்டு மூடி. ஊதி ஊதிக் குடித்தாள். "சூடா இருக்காம்மா?" "ம், நாக்கு பொத்துப்போற மாரி" என்றாள். இந்த நோட்டில் சந்தோஷமாக எழுதுகிற முதல் நாள் இதுதான்.

கார்க் நாற்றம் இல்லை. கஞ்சிக்கு நொய்யரிசி தீர்ந்தது, அப்பாவிடம் சொல்லணும்.

ஐப்பசி 8, செவ்வாய்

எப்படி எழுதுவது.

அம்மா ஒரு மூடிக்கு மேல் வேண்டாம் என்றாள். நர்ஸ் வந்து அவளை எடை பார்க்கக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனார். மிச்சத்தைக் கொட்ட எழுந்தேன். திருவக்கரை அம்மா, "கொட்டாத, நீயே குடி. காலையில இருந்து பட்டினிதான?" என்றார். குடித்தேன்.

சில்லென்று இருந்தது. பழைய சோற்றுத் தண்ணீர் மாதிரி.

இதையா அம்மா ஊதி ஊதிக் குடித்தாள்?

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "மூணு நாளா நீ அப்பால போனதும் அம்புட்டும் வெளிய வந்துடுதும்மா. பொண்ணு கிட்ட சொல்லாதீங்கன்னு கைய புடிச்சிக்கினு அழுவுது. பாவம் எட்டூரு தாண்டி வருது, மழையில வருதுன்னு."

எடை குறைந்திருக்கிறது. ஆபரேஷன் பேச்சே எடுக்கவில்லை டாக்டர்.

மடியில் இருந்த கதகதப்பு கஞ்சியின் சூடு. அம்மாவுக்குப் போக வேண்டியது. எட்டரையிலிருந்து பத்து வரை என் வயிற்றுக்குப் போயிருக்கிறது.

ஐப்பசி 9, புதன்

காலையில் க. அக்கா வீட்டுக்கு நானே போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை. வாசலில் நின்றேன், கூப்பிடவில்லை. அவராகப் பார்த்தார். பிளாஸ்க்கை நீட்டி எல்லாம் சொன்னேன். வாய் வைத்தது, தொட்டியில் முக்கியது, டிக் என்றது. இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அக்கா அடித்தட்டைத் திறந்து பார்த்தார். "போச்சு. அந்த முனைதாண்டி உசுரு. அது ஒடஞ்சா உள்ள காத்து பூந்துடும். அப்பறம் வெறும் போத்தல். அவரு எத்தினி வாட்டி சொன்னாரு, அத மட்டும் உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன் பாரு." பிறகு சத்தம் போட்டார்: "யாராவது பிளாஸ்க்க தண்ணியில முக்குவாங்களா? எருமை மாடா அது?"

அழுதேன். அக்கா நிறுத்திவிட்டார்.

"வாய் வெச்சதுக்கா முழுக்காட்டுன?"

"ஆமாங்கக்கா."

"படுத்துக்கினு இருக்கறவங்க எப்படி அண்ணாந்து குடிப்பாங்க? எனக்கும் தோணல பாரு." வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவில் சாய்ந்தார். "எடுத்துக்கினு போ. எனக்கு இனிமே வாணாம்." கோபமா, இல்லையா, தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

வி.புரம். ஆஸ்பத்திரி கேட் எதிரில் டீக்கடை. பாய்லர் எந்நேரமும் கொதிக்கிறது. சூடு பண்ணித் தரச் சொல்லலாம் என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். பெஞ்சு முழுக்க லாரிக்காரர்கள். நின்றேன். ஒருவர், "இன்னா வேணும்?" என்றார். ஒன்றுமில்லை என்று ரோட்டைத் தாண்டிவிட்டேன்.

அம்மா ஊதினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவியே இல்லாத கஞ்சியை ஊதினாள். சாயங்காலம் நான் இருக்கும்போதே வாந்தி எடுத்தாள். அதன்பின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

நாளைக்குச் சொல்ல வேண்டியது: அண்ணே, இது ஆஸ்பத்திரிக் கஞ்சி, கொஞ்சம் சூடு பண்ணிக் குடுங்க. பத்து முறை சொல்லிப் பார்த்தேன்.

ஐப்பசி 10, வியாழன்

மழை விட்டிருக்கிறது. பிளாஸ்க்கோடு பித்தளைச் சொம்பும் எடுத்துக்கொண்டேன்.

டீக்கடை. "அண்ணே, இது…"

"இன்னாம்மா?"

"கஞ்சி…"

"கஞ்சியெல்லாம் இங்க கெடயாது. டீ, பன்னு."

"எங்கம்மாவுக்கு!" என்று கத்திவிட்டேன். பெஞ்சில் எல்லோரும் திரும்பினார்கள்.

"அடேங்கப்பா. கேட்டுது, கேட்டுது. ஜல்தி குடு." சொம்பில் ஊற்றச் சொல்லி, டம்ளர் கழுவுகிற வெந்நீர் அண்டாவில் கழுத்தளவு இறக்கி வைத்தார். பாய்லரைத் திறந்துவிட்டு அண்டாவில் இன்னும் கொதிநீர். "அடுப்புல நேரா வெச்சா அடி புடிச்சிடும். இது மெதுவாதான் ஏறும், நில்லு." நின்றேன். மேலே ஆடை கட்டி, ஓரத்தில் ஆவி வந்தது. "எடுத்துக்கினு ஓடு. நாளைக்கு வந்தா இப்படி கத்தாத, வெச்சிட்டு நில்லு போதும்."

துண்டில் பிடித்துக்கொண்டு ஓடினேன். வார்டில் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூடியில் ஊற்றிக் கொடுத்தேன்.

அம்மா வழக்கம்போல் ஒப்புக்கு ஒரு முறை ஊதினாள். வழக்கம்போல் ஒரே வாயாகக் குடித்தாள். ஸ்ஸ் என்று கையை உதறினாள். கஞ்சி போர்வையில் சிந்தியது. திருவக்கரை அம்மா, "இன்னாம்மா, ஊதிக் குடிக்க மறந்து பூட்டியா?" என்று சிரித்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நாலைந்து நாளாக இரண்டு பேரும் சொல்லாதது அவ்வளவும் அதில் இருந்தது.

மூடியை இரண்டு கையாலும் பிடித்து மறுபடி ஊதினாள். இந்தத் தடவை ஆவி சாய்ந்து என் முகத்தில் பட்டது.

நாலு மணி பஸ் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா வாந்தி எடுக்கவில்லை.