சொன்னேன், ‘ம்’ன்னீங்க

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கு ஒருவர் வீட்டு வாஷிங் மெஷின் துணி பிழியும்போது தானாக நடந்து போய்க் குளியலறைக் கதவை அடைத்துக்கொண்டுவிட்டது. உள்ளே அவருடைய மாமியார். மாப்பிள்ளை எங்கள் கம்பெனியின் புகார்ப் பிரிவைக் கூப்பிட்டுவிட்டார். “முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள் சார்” என்றேன். “எதுக்கு சார் அவசரம்” என்றார் மனிதர். பக்கத்து மேஜையில் பிஸ்கட் சிரிப்பை அடக்க முடியாமல் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டான். (பிஸ்கட் என்பது நான் வைத்த பெயர். டிராயரில் எப்போதும் ஒரு பாக்கெட் இருக்கும். கேட்காமலே நீட்டுவான்.)

மாமியாரை மீட்டு, மெஷினின் கால்களைச் சமன் செய்ய ஆள் அனுப்பி, ஏற்பட்ட சிரமத்துக்கு வருத்தம் தெரிவித்து முடிப்பதற்குள் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தால் ஒரு சொல் மிச்சமில்லை. சாப்பிடும்போது மனைவி ஏதோ கடை, ஏதோ திங்கட்கிழமை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். செல்போனில் கால்பந்து ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள். தோற்றுவிட்டோம்.

மார்ச் 5

மழை. குடை அலுவலகத்தில், நான் வீட்டில்.

மார்ச் 13, வியாழன்

இரண்டு நாளாகக் கால் வலிக்கிறது என்கிறாள். தைலம் தடவிக்கொள்ளச் சொன்னேன். தைலம் எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். வேறு எந்தப் புருஷன் இவ்வளவு செய்வான்?

மார்ச் 20, வியாழன்

உட்கார்ந்து நிதானமாக எழுத வேண்டும். முடியுமா பார்க்கிறேன்.

தேநீர் இடைவேளையில் பிஸ்கட் சொன்னான்: “நேத்து உன் வீட்டுக்காரங்களைக் கடையில பார்த்தேன்ப்பா. என்ன பொறுமை. பெட்டி பெட்டியா எடுத்துப் போட்டுக் காட்டினாங்க, கொஞ்சம்கூட முகம் சுளிக்கல.”

எந்தக் கடை? எந்தப் பெட்டி? கேட்டிருக்கலாம். வாய் என்னவோ, “அவ எப்பவுமே அப்படித்தான்” என்றது.

“வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாளாச்சு?”

வேலை.

“கொஞ்ச நாளாச்சு” என்றேன். கோப்பையில் தேநீர் இல்லை என்பது குடித்த பிறகுதான் தெரிந்தது. மதியம் ஒரு அம்மாள் மெஷினுக்கு அடியில் தண்ணீர் கசிகிறது என்கிறார், நான் “எந்தக் கடையில?” என்கிறேன். “கடையில இல்லைங்க, எங்க வீட்டுல” என்றார் பாவம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன் கேட்டுவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“சொன்னேனே. செருப்புக் கடையில ஆள் கேட்டிருக்காங்க, திங்கக்கிழமையிலேருந்து வரச் சொல்றாங்க, போகட்டுமான்னு கேட்டேன். நீங்க ‘ம்’ன்னீங்க.”

“அது அந்த ‘ம்’ இல்ல.”

“பின்ன எந்த ‘ம்’?”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பட்டு, கணக்கு நேராகியிருக்கும். என் சட்டையை மடித்து என் பக்கத்து அடுக்கில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 21, வெள்ளி

அப்படி என்ன பண்ணிட்டேன் நான்? ஊர்ல இருக்கறவன் புகாரையெல்லாம் காதுல வாங்கிக்கிட்டு வர்ற மனுஷன். அவனவன் வீட்டுக் குழாய், அவனவன் வீட்டு சாக்ஸ். ஒரு சத்தம் போட்டிருப்பேனா? வீட்டுக்கு வந்தா கொஞ்சம் பேசாம இருக்கக்கூடாதா? பேசாம இருக்கறது ஒரு குத்தமா? சொன்னாளாம். ஒரு தடவை சொன்னா ஆச்சா? இவ்வளவு பெரிய விஷயத்தை, ஆட்டம் முடியறப்பவா சொல்வாங்க—

மகளுக்கு போன் போட்டேன். வெளியூரில் வேலை அவளுக்கு. அம்மாவோடு தினமும் பேச்சு, என்னோடு மாதச் சம்பளம் மாதிரி. “உனக்குத் தெரியுமா?” என்றேன். முதல் நாளே தெரியுமாம். கடைக்குப் போட்டுக்கொண்டு போகத் தட்டையான கறுப்பு ஷூ வாங்கச் சொன்னதே அவள்தானாம். நின்றுகொண்டே செய்கிற வேலை அல்லவா, கால் வலிக்குமாம்.

கால் வலி. சரி.

“அப்பா, அடுத்தவங்க சொல்றதைக் கேக்கறதுதானே உங்க வேலையே?”

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 24, திங்கள்

மனைவி வேலைக்குச் சேர்ந்ததே எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதை என் முகத்தைப் பார்த்தே பிஸ்கட் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்ததோடு விட்டானா? காலையில் நாலு பேர் இருக்கும்போது, “இவர் வீட்டுல யாராவது வேலைக்குப் போகணும்னா முதல்ல இவருக்குத் தெரியாம பாத்துக்கணும், அப்பத்தான் உருப்படும்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எப்போதும் நானும் சேர்ந்து சிரிக்கிற வகை நகைச்சுவைதான்.

“உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ. என் வீட்டு விஷயத்துல மூக்கை நுழைக்காத” என்று கத்திவிட்டேன்.

காதில் ஒரு குரல்: “சார், நான் மெஷினைப் பத்தி மட்டும்தான் கேட்டேன்.”

இணைப்பில் ஆள் இருந்ததையே மறந்திருக்கிறேன். அவரிடம் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன். பிஸ்கட்டிடம் கேட்கவில்லை. ஊர் பேர் தெரியாதவருக்கு மூன்று, பக்கத்தில் எட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவனுக்குப் பூஜ்யம். எழுதும்போதுதான் உறைக்கிறது. உறைத்து என்ன செய்ய? அவன் டிராயரைச் சாத்திவிட்டான்.

மார்ச் 26

பிஸ்கட் வந்தான். டிராயரிலிருந்து பிஸ்கட் வரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

விதிக்கு என்மேல் தனிப் பிரியம். இந்தக் காலாண்டின் ‘கனிவான குரல்’ நானாம். பிரிவு மேலாளர் — என் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும் — எல்லாரையும் எழுந்து நிற்க வைத்துச் சான்றிதழ் கொடுத்தார். வாடிக்கையாளர்கள் போட்ட மதிப்பெண்ணாம். திங்கட்கிழமைக்காரர் மதிப்பெண் போடாமல் விட்டிருக்க வேண்டும், நல்ல மனிதர். பிஸ்கட்டும் கைதட்டினான். முறையாக, அளவாக. அதற்குப் பதில் முறைத்திருக்கலாம்.

வீட்டில் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தாள்.

“யார்கிட்ட கேட்டுக் கொடுத்தாங்க?”

“வாடிக்கையாளர்கள்கிட்ட.”

“அதானே பார்த்தேன்.”

பிறகு அதைத் துடைத்து, ஃபிரிட்ஜ் மேல் நிமிர்த்தி, எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள். அது பெருமையா கேலியா என்று தெரியவில்லை. கேட்கவும் பயம்.

மார்ச் 29, சனி

எனக்கு விடுமுறை, அவளுக்கு இல்லை. கடைத்தெருப் பக்கம் சும்மா போனேன் என்று எழுத நினைத்தேன். சும்மா இல்லை. அவள் கடையைப் பார்க்கத்தான் போனேன்.

கடைக்குள் நுழைந்ததும் தோல் வாசனையும் புது அட்டைப்பெட்டி வாசனையும். பூட்ஸ் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். சாம்பல் நிறச் சட்டையில், சட்டைப்பையில் பேனாவோடு ஒரு பெண். என் மனைவி. அவள் முன்னால் ஓர் இளைஞன், அடி பிய்ந்த ஷூவை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லையாம், ஏமாற்றுக்காரர்களாம், இன்னும் என்னென்னவோ. எனக்குக் கால் துடித்தது. போய் இரண்டு வார்த்தை கேட்கலாமா? வேண்டாம், இது அவள் அலுவலகம்.

அவள் குறுக்கே பேசவில்லை. அவன் மூச்சு வாங்கியபோது, “எங்க போகும்போது பிஞ்சுது?” என்று மட்டும் கேட்டாள்.

வேலைக்கு நேர்காணலாம். அறைக்குள் நடக்கும்போது அடி தொங்கித் தட்தட் என்று சத்தம் போட்டதாம்.

“ஐயையோ. அப்புறம்?”

அப்புறம் அவன் காலை இழுத்து இழுத்து நடந்தானாம். நொண்டி என்று நினைத்து அவர்களே எழுந்து நாற்காலி போட்டார்களாம். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வேலை கிடைச்சுதா?” “கிடைச்சுது.” கடை முதலாளியிடம் பேசி வேறு ஜோடி மாற்றிக் கொடுத்தாள். போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

இத்தனை வருஷத்தில் நான் யாரிடமாவது ‘அப்புறம்?’ என்று கேட்டிருக்கிறேனா? புகார் எண் கொடுப்பேன், வருத்தம் தெரிவிப்பேன், வைத்துவிடுவேன்.

திரும்பினாள், பார்த்துவிட்டாள். மற்ற பெண்கள் இருந்ததால் முகத்தில் எதையும் காட்டவில்லை.

“வாங்க சார். என்ன பார்க்கறீங்க?”

“ஷூ” என்றேன். செருப்புக் கடையில் வேறென்ன சொல்ல.

அளக்காமலே எட்டு என்று எடுத்து வந்தாள். குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து என் காலுக்குக் கை நீட்டினாள். சட்டென்று இழுத்துக்கொண்டேன். “நானே போட்டுக்கறேன்.”

“இது என் வேலைங்க. காலைக் கொடுங்க.”

கொடுத்தேன். ஷூவுக்குள் திணித்திருந்த காகிதத்தை எடுத்து, வளைந்த தகட்டைக் குதிகாலில் வைத்து, ஒரே அழுத்து. கட்டைவிரல் நுனியை அமுக்கிப் பார்த்தாள். கை பழகியிருக்கிறது.

“இந்த வேலை உனக்குப் பிடிச்சிருக்கா?”

கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். “பிடிச்சிருக்கு” என்றாள். கயிற்றைக் கட்டிக்கொண்டே தொடர்ந்தாள்: “அன்னைக்கு உங்க ஃபிரண்டு வந்தாரே, பாவம். அவங்க வீட்டம்மாவுக்குக் கணுக்கால்ல ஆபரேஷன் ஆகி இப்பதான் நடக்கறாங்களாம். வீக்கத்துக்கு ஏத்த மாதிரி அகலமா ஒண்ணு தேடிப்பிடிச்சுக் கொடுத்தேன். நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே?”

எனக்கே தெரியாது.

“அவர் சொல்லலையா, நீங்க கேக்கலையா?” என்று கேட்டாள். அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார், எழுந்து போனாள். ஷூவை வாங்கிக்கொண்டு வந்தேன். கொஞ்சமும் கடிக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் நானே டோஸ்ட் போட்டேன். கருகிவிட்டது. சுரண்டிக்கொண்டே கேட்டேன், ஏன் வேலைக்குப் போக வேண்டும் என்று தோன்றியது? செலவுக்குப் போதவில்லையா?

“செலவுக்கில்லைங்க.” என் கையிலிருந்து டோஸ்ட்டை வாங்கிச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: “பொண்ணு போனப்புறம் வீட்ல பேச்சே இல்ல. ஒரு நாள் தபால்காரர் மணி அடிச்சார். பதில் சொல்ல வாயைத் திறந்தா குரல் வரல. காலையிலேருந்து பேசவே இல்ல, அதான். எனக்குப் பயமா போச்சு.”

நான் வீட்டில்தானே இருக்கிறேன், தினமும் மாலையில்? இருக்கிறேனா?



மார்ச் 31, திங்கள்

பேருந்திலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். பிஸ்கட்டின் மேஜை முன்னால் நின்றதும் வாயில் வந்தது இதுதான்: “ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்.” பழக்கதோஷம்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “புகார் எண் என்ன சார்?” என்றான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “வீட்ல கால் எப்படி இருக்கு?”

திரும்பினான். முகத்தில் கிண்டல் போய்விட்டிருந்தது. “ஆபரேஷன் ஆனதுலேருந்து இந்த ஆபீஸ்ல எல்லாரும் ஒரு வார்த்தை விசாரிச்சாங்கப்பா. பக்கத்துல உக்காந்திருக்கற நீ மட்டும் கேக்கல. அந்தக் கடுப்புலதான் அன்னைக்கு நாலு பேர் முன்னாடி சொல்லிட்டேன். நானும் அப்படிப் பேசியிருக்கக்கூடாது.”

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவன் விடுப்பு எடுத்திருக்கிறான், நான் அவனுடைய அழைப்புகளையும் சேர்த்துப் பார்த்திருக்கிறேன். ஏன் விடுப்பு என்று தோன்றவே இல்லை. இன்றைக்கு எந்தச் சால்ஜாப்பும் சொல்லவில்லை. “எப்படி ஆச்சு?” என்றேன். பால்கனியில் கொடிக்கம்பியை எட்டிப் பிடிக்கும்போது வழுக்கி விழுந்தாளாம். “அப்புறம்?” மருத்துவமனையில் அவள் மயக்க மருந்தின் போதையில் இவனைப் பார்த்து, “இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கேன்” என்றாளாம். இருவரும் சிரித்தோம். அவன் கண் லேசாகக் கலங்கியது. நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டேன்.

மேலாளர் வந்து, வரிசையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று நினைவுபடுத்தினார். கனிவாகத்தான்.

ஏப்ரல் 9

மறுபடியும் ‘ம்’ சொல்லிவிட்டேன். உடனே நிறுத்தி, “என்ன சொன்னேன், சொல்லுங்க” என்றாள். தெரியவில்லை. செல்போனை வாங்கி அரிசிப் பாத்திரத்துக்குள் வைத்து மூடிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பிஸ்கட் வீட்டுக்குப் போனோம். அவன் மனைவி வாசல்வரை நடந்துவந்து கதவைத் திறந்தாள். என் மனைவி அவள் முகத்தைப் பார்க்குமுன் அவள் காலில் இருந்த ஷூவைத்தான் பார்த்தாள். இரண்டு பேரும் வீக்கம், குதிகால், அகலம் என்று ஆரம்பித்து எங்கெங்கோ போய்விட்டார்கள். என்னையும் பிஸ்கட்டையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. பாத்திரம் கழுவினோம்.

ஏப்ரல் 28, திங்கள்

மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று: ஏன் தாமதம்?

இப்போதெல்லாம் காலையில் சேர்ந்தே கிளம்புகிறோம். அவளுக்குக் கடை இரண்டு தெரு தள்ளி. பேருந்து நிறுத்தம் வரை வந்துவிட்டுப் போவாள். சனிக்கிழமை கடைக்கு அக்கா தங்கை இரண்டு பேர் வந்தார்களாம். ஒருத்திக்கு வலது காலில் ஆறு, இடது காலில் ஏழு. இன்னொருத்திக்கு அப்படியே தலைகீழ். இரண்டு ஜோடி வாங்கி ஆளுக்கு ஒன்றாக மாற்றிப் போட்டுக்கொள்வது என்று முடிவு. எந்த நிறம் என்பதில்தான் சண்டை வந்தது. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள், தங்கை அங்கேயே உட்கார்ந்து அழுகிறாள், முதலாளி நடுவில். அந்த இடத்தில் பேருந்து வந்தது.

“போங்க, மீதியைச் சாயங்காலம் சொல்றேன்” என்றாள்.

“அப்புறம் என்னாச்சு, சொல்லு.”

மேலாளரிடம், “பஸ் போயிடுச்சு மேடம்” என்றேன். பொய் இல்லை. அது வந்ததையும் பார்த்தோம், போனதையும் பார்த்தோம்.