கீழ்ப் பீலித் தண்ணீர்

எஹலியகொட,
11.11.2007

அன்புள்ள மகன் ஸ்ரீதரனுக்கு,

அப்பா அழகமுத்து சொல்ல எழுதுவது. இங்கே சுகம். ஜப்பானில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

எழுத்து மாறியிருக்கிறதே என்று யோசிக்காதே. கடைவீதி ஜுனைதீன் முதலாளியின் மகள் ஆதிலா எழுதுகிறாள். உன் தங்கச்சி விஜயகலாவை வைத்து எழுத முடியாத விஷயம் இது.

நான் அனுப்பிய போத்தல் தண்ணீரைச் சோதித்து, கலா கேட்டபடி தோட்டத் துரைக்கு நீ அனுப்பிய காகிதம் வந்தது. தண்ணீரில் மருந்து இருக்கிறது என்று காகிதம் வந்தால் மலையிலிருந்து கீழ் லயத்துக்குக் குழாய் போடுகிறேன் என்று சொன்ன மனுஷன், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் அதை ஆட்டிக்காட்டி, “மொகுத் நே, வதுர ஹொந்தய்” என்றார். ஒன்றுமில்லையாம், தண்ணீர் நல்லதாம். “ஒங்க மகனே எழுதிட்டாரே பெரியவரே” என்று கிளாக்கர் வேறு சிரித்தார்.

பழைய ரப்பர் ஸ்டோரை மருந்து போத்தலில் அடைக்கிறவனுக்குக் குத்தகைக்கு விட்டு நாலு வருஷம். கழுவி ஊற்றுவதெல்லாம் நம் ஓடைக்குத்தான். காலையில் தண்ணீர் சிவப்பு, பின்னேரம் பாணி மருந்து வாசம். அறுபத்தாறில் ஸ்டோரில் ஆசிட் பீப்பாய் கவிழ்ந்து ஓடை மீனெல்லாம் செத்து மிதந்தது. ஒரு வியாழக்கிழமை. பங்களாவில் விருந்து. அன்றைக்கும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள்.

கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், மருந்து போகாது என்று நீ எழுதினாய். மின்னல் மாதிரி ஒன்றைக் குழாய்க்குள் வெட்டவிட்டு, தண்ணீரைச் சூடாக்காமலே அந்த மருந்தை உடைக்கிறேன் என்கிறாய். நல்லது. நாற்பது வருஷம் ரப்பர் பாலில் ஆசிட் கலந்தவன் நான், இதெல்லாம் நடக்கும் என்று நம்புகிறேன். ஆனால் மின்னலையே பிடித்து வைத்திருக்கிற உனக்கு, ஒரு போத்தல் தண்ணீரை அப்பன் எங்கே பிடித்தான் என்று கேட்கத் தோன்றவில்லையே. “உடைப்பதற்கு ஒன்றும் இல்லை அப்பா, சந்தோஷப்படுங்கள்” என்று எழுதுகிறாய். அதை வாசிக்கக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது?

ஸ்டோருக்குக் கீழே ஓடைத் தண்ணீர் கொட்டுகிற கீழ்ப் பீலியில் பிடி என்றுதான் நீ எழுதியிருந்தாய். போனேன், பிடித்தேன். நுரையும் நாற்றமும். உன் புரொபசர் மூடியைத் திறந்து மூக்கைச் சுளித்து, இதைக் குடித்தா வளர்ந்தாய் என்பதுபோல் உன்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். ஊற்றிவிட்டேன். திருவிழாவுக்குக் கரகம் ஜோடித்துப் பாலிக்கிற மேல் பீலிக்கு ஏறினேன். ஸ்டோருக்கு மேலே, மலையிலிருந்து வருகிற சாமித் தண்ணீர். வேட்டியை நாலாக மடித்து அதையும் வடிகட்டித்தான் அனுப்பினேன். பிற இடத்துக்கு அனுப்புவதை நல்லதாகத்தானே அனுப்புவோம்? குழாய் பற்றித் துரை வாக்குக் கொடுத்தது போத்தல் போன பிறகு. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

கலாவுக்கு இது ஆறாம் மாதம். இதுவரை மேல் பீலிக்கு ஏறித் தண்ணீர் எடுத்தவள், காகிதம் வந்த நாளிலிருந்து குடத்தைக் கீழ்ப் பீலியில் வைக்கிறாள். வேண்டாம் என்றால், “அண்ணன் பொய் எழுதுவாரா?” என்று கேட்கிறாள். அவள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனதும் குடத்தைக் கவிழ்த்துவிட்டு, எண்பத்தாறு படி ஏறி மேல் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பி வைக்கிறேன். நேற்று பிடிபட்டேன். கிழவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று சத்தம் போட்டாள். சரி, என் ஒரு குடத்தை நிரப்பினேன். மற்ற இருபத்தொரு வீட்டுக் குடத்தை யார் நிரப்புவது?

இவ்வளவும் சொன்னதும் ஆதிலா பேனாவை மூடி வைத்துவிட்டாள். “மொதல்ல அக்காகிட்ட சொல்லுங்க, பெறகு எழுதுறேன்” என்கிறாள். கடலுக்கு அப்பால் இருப்பவனிடம் சொல்வது சுலபம் என்று இவளுக்கும் தெரிந்திருக்கிறது. இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே கலாவிடம்தான் போகிறேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மிச்சத்தை எழுதுகிறாள்.

வேறு போத்தல் அனுப்புகிறேன். கீழ்ப் பீலித் தண்ணீர், வடிகட்டவில்லை. நாறினால் நாறட்டும், வெட்கப்படாதே. துரைக்கு மறுபடி எழுது. உன் யந்திரத்தில் குற்றமில்லை, முதல் தண்ணீரை மாற்றியவன் அப்பன் அழகமுத்து என்று பெயர் போட்டே எழுது. பெரட்டுக் களத்தில் அதையும் ஆட்டிக்காட்டட்டும், நான் முன்வரிசையில் நிற்கிறேன்.

நான் சொன்னால் இங்கே நாலு பேர்கூட நம்புவதில்லை. நீ எழுதினால் தோட்டமே நம்பித் தண்ணீர் குடிக்கிறது. அந்த நம்பிக்கையை மாரியம்மா காப்பாற்றட்டும். மாசியில் பிள்ளை பிறக்கும். அதற்குள் பதில் போடு, சாமி.

இப்படிக்கு,
உன் அப்பா
அழகமுத்து (கைநாட்டு)