கப்பலில் வந்த புதுசு

அக்டோபர், வியாழன் இரவு

கடைக் கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏறவில்லை, பிராசஸர் பழசாம். பழைய விண்டோஸுக்கு இந்த மாதம் அப்டேட் நிற்கிறது, நின்றால் நெட் வழியே திருடன் நுழைவான் என்கிறார்கள். இந்த அந்தமான் மூலையில் மாயாபந்தர்க்காரர்களின் ஆதார், பேங்க் விவரமெல்லாம் அதில்தான் தட்டுகிறேன். சென்னையிலிருக்கும் தம்பி சலீமிடம் வேறு கம்ப்யூட்டர் கேட்டேன். மலிவாகப் பிடித்து அனுப்பினான். போர்ட் பிளேர் வரை கப்பல், பிறகு பஸ்.

இன்று பிரித்தேன். பளபளவென்றிருந்தது. இதிலும் ஏறவில்லை. திரையில் அதே வரி, பிராசஸர் பழசு என்று.

போன் போட்டேன். "ஒரு கம்பெனில மொத்தமா மாத்துறாங்கக்கா. நல்லா ஓடுற மிஷின், அதான் சல்லிசா கெடச்சுது" என்றான். நன்றாக ஓடுவதை ஏன் மாற்றுகிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லையே. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தால் புதுசு என்பது இந்த ஊர் நினைப்பு.

அட்டைப்பெட்டியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மீன்கடை வங்காளி அண்ணன், மண்டல் தாதா வந்தார். "தீதி, நயா ஆ கயா?" என்று புதுசு வந்துவிட்டதா எனக் கேட்டவர், பழையதை மகளின் படிப்புக்குக் கேட்டார். என்னவோ, தலையாட்டிவிட்டேன்.

காலையில் எடுக்க வருவார். இரண்டில் எதைக் காட்டிப் பழசு என்பது?