படகுக்குள் வந்த நல்ல தண்ணீர்

அன்புள்ள அம்மா,

முட்டிவலி இப்போது தேவலையா? நான் சௌக்கியம். போனில் சொன்னால் திட்டுவாய் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பட்டறைக்கு வந்த பழைய மோட்டார் படகில் தினமும் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருந்தது. அடிப்பாகத்தில் ஓட்டையே அகப்படவில்லை. அதிலேயே குடியிருந்த மாலுமித் தாத்தா, "உடைச்சுப் போட்டுடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. எஞ்சினுக்கு அடியில் நுழைந்து, தேங்கிய தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரிக்கவில்லை.

"தாத்தா, இது கடல் தண்ணி இல்ல. உங்க குடிதண்ணிக் குழாய்தான் ஒழுகுது" என்றேன்.

விரிசல் விட்ட குழாயை மாற்றினேன். படகு காய்ந்ததும் தாத்தா தன் துணிமணிகளைத் திரும்ப ஏற்றிவிட்டார். என் வயிற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மிக்சியை நிறுத்தாதே அம்மா. வீட்டுச் சத்தமும் சேர்ந்து கேட்கட்டும்.

உன் மகள்