இடது காதும் டாங்கோ வகுப்பும்

ஜனவரி 14, செவ்வாய்

இன்றும் தாளம் தப்பியது. சுழன்று திரும்பும்போது இடது காது ஸ்பீக்கர் பக்கம் வந்தால் பாட்டு அப்படியே காணாமல் போகிறது. கர்ட்டிஸ்தான் சமாளித்தான். இத்தனை வருஷமாக என்னோடு ஸ்விங் நடனம் சொல்லிக்கொடுக்கிறவன், ஆட்டத்தில் மட்டும் என் ஜோடி. "லாரிஸா இன்னைக்குப் பாட்டை முந்திக்கிட்டு ஓடுறா, யாராவது புடிங்கப்பா!" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

ஜனவரி 16

இடது காது போய்விட்டதாம். வலதும் இறங்கிக்கொண்டிருக்கிறது. காதுக்கருவி வைத்தால் பேச்சு கேட்கும். பாட்டு எப்படிக் கேட்கும் என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. கர்ட்டிஸிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆள் தேடுவான். தேடத்தானே வேண்டும்?

ஜனவரி 27

ஊரின் மறுகோடியில், என்னை யாருக்கும் தெரியாத டாங்கோ வகுப்பில் சேர்ந்தேன். நெருங்கி ஆடுகிற ஆட்டம், காது அவ்வளவு வேண்டியிருக்காது என்று ஒரு நப்பாசை. ஸ்விங்கில் கை நீட்டும் தூரத்தில் துள்ளியே பழகிய உடம்பு. வாத்தியார் எஸ்தேபான் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏங்க, அடுப்பு மேலயா நிக்கிறீங்க? அடுத்த அடியை நான் சொல்றதுக்கு முன்னாடியே வெச்சிடுறீங்க. யாரு துரத்துறாங்க உங்களை?"

வகுப்பு முடிந்து வெளியே வந்தால், இந்த உறைபனிக் குளிரில் கார் என்ஜினைச் சூடாக வைக்கும் வயரை மின்சாரத்தில் செருக மறந்திருக்கிறேன். கார் கிளம்பவில்லை. உள்ளேயே உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரி 4

தலை சுற்றல். வகுப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று கர்ட்டிஸிடம் பொய்.

பிப்ரவரி 10

இன்று முதல்முறையாகக் காத்திருந்தேன். எஸ்தேபான் மூச்சை இழுக்கிறார், அவர் எடை ஒரு காலுக்கு மாறுகிறது, அது என் நெஞ்சுக்குத் தெரிகிறது. அப்புறம்தான் என் கால். ஒரு பாட்டு முழுக்கத் தப்பவில்லை! சந்தோஷத்தில் காது விஷயத்தை உளறிவிட்டேன்.

"உங்க ஜோடிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ அந்த மனுஷன் யாரோட ஆடிக்கிட்டிருக்காரு?"

பிப்ரவரி 18

சொல்லிவிட்டேன். கர்ட்டிஸ் நாற்காலியை உதைத்தான்.

"அடிப்பாவி! நீ குடிக்க ஆரம்பிச்சிட்டன்னு நெனச்சேன்டி. உன் காபிய எத்தனை தடவை மோந்து பார்த்திருக்கேன் தெரியுமா?"

அப்புறம் நாற்காலியை அவனே நிமிர்த்தி வைத்தான். "அந்த டாங்கோவைக் காட்டு" என்றான் கடைசியில். காட்டினேன். மரக்கட்டை மாதிரி நின்றான். "இவ்ளோ கிட்ட வந்தா எனக்குக் கூச்சமா இருக்கு." என் காலை வேறு மிதித்தான். "மூச்சு விடுடா முதல்ல" என்றேன்.

வேறு ஆள் தேடுவதைப் பற்றி அவனும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 25

வேகப் பாட்டுகளுக்கு இனி எங்கள் வகுப்பு மாணவி ஜனெல் கர்ட்டிஸோடு ஆடுவாள். நானே சொன்ன யோசனைதான். இருந்தும் சுவரோரம் நின்று பார்த்தபோது வயிறு எரிந்தது. நல்லா ஆடுகிறாள், சனியன்.

மெதுவான பாட்டு வந்ததும் கர்ட்டிஸ் நேராக என்னிடம் வந்தான். ஸ்விங்குக்குப்போல் கையை நீட்டவில்லை, டாங்கோவுக்கு இரண்டு கைகளையும் விரித்தான். கண்ணை மூடிக்கொண்டு ஆடினேன்.

முடிந்த பிறகு ஜனெல் சொன்னாள்: யாரோ ஸ்பீக்கர் வயரில் கால் தடுக்கி, பாதியிலேயே பாட்டு நின்றுவிட்டதாம். நின்றது கர்ட்டிஸுக்குத் தெரிந்திருக்கும். அவன் ஆட்டத்தை நிறுத்தவில்லை.